சுரங்கம் கொடுத்த மூச்சு

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம். வகுப்பில் திரவங்களின் அழுத்தம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "சார், எங்கள் ஊர்க் கல்குவாரியில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீளமான குழாயின் ஒரு முனையை வாயில் வைத்துக்கொண்டு, மறுமுனையைக் கரையில் நண்பனிடம் கொடுத்துவிட்டு, அடிவரைக்கும் போய் வர முடியாதா?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி அப்படிப்பட்டது. பெரிய பெரிய பொறியியலாளர்களையும் மருத்துவர்களையும் அது நூறாண்டுக்கு மேல் திணறடித்திருக்கிறது. அதோடு, இந்தப் பையன் விடை தெரிவதற்கு முன்பே செய்து பார்த்துவிடுவானோ என்ற பயமும் எனக்கு இருந்தது. அதனால் அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டுக் கரும்பலகையில் ஒரு சிறு கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

உங்கள் மார்பின் முன்பக்கம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம், 30 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். பரப்பு 900 சதுர சென்டிமீட்டர். 1 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் கூடுதலாக 100 கிராம் எடைக்குச் சமமான விசையுடன் அழுத்துகிறது. ஆகவே மார்பின் மேல் மொத்தம் 90 கிலோகிராம்! குழாய் வழியே வருவதோ கரையில் உள்ள சாதாரணக் காற்று. அது இந்த அழுத்தத்தை உள்ளிருந்து எதிர்த்து நிற்காது. ஒரு கனத்த ஆள் மார்பில் ஏறி நிற்கும்போது உங்களால் எத்தனை முறை மூச்சை இழுக்க முடியும்? 2 மீட்டர் ஆழத்தில் இரண்டு ஆட்கள். 10 மீட்டரில் பத்து ஆட்கள். குழாய் எவ்வளவு நீளமாக இருந்தாலும் பயனில்லை.

"அப்படியானால் தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்கள் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது, மேலே இழுத்த மூச்சை உள்ளேயே அடக்கிக்கொண்டார்கள். தண்ணீர் அழுத்த அழுத்த, நுரையீரலில் அடைபட்ட காற்றும் சுருங்கி, வெளியே உள்ள அதே அழுத்தத்தை அடைந்துவிடும். உள்ளும் புறமும் சமம். மேலே வந்ததும் காற்று பழைய அளவுக்கே விரிந்துவிடும். ஆனால் இந்த வித்தை ஒரே ஒரு மூச்சுக்குத்தான். நீருக்கடியில் இரண்டாவது மூச்சு வேண்டுமானால், சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தம் எவ்வளவோ அதே அழுத்தத்தில் காற்றைக் கொடுக்க வேண்டும். முக்குளிப்பின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது எனலாம்.

குவாரி குளமான கதை

இந்த வரலாற்றைக் கண்ணால் காணக்கூடிய ஓர் இடம் இங்கிலாந்தில் இருக்கிறது. அதுவும் ஒரு கல்குவாரிதான் என்பது வேடிக்கை. லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில், கடலிலிருந்து வெகு தூரத்தில், ஸ்டோனி ஸ்டான்டன் என்ற கிராமத்தின் அருகே உள்ளது. பெயர் ஸ்டோனி கோவ். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே கருங்கல் வெட்டினார்கள். வெட்டிய கல்லை ஏற்றிச் செல்ல 1850இல் ரயில் பாதையே போட்டார்கள். குழி ஆழமாக ஆக, ஊற்று நீர் பெருக்கெடுத்தது. இரவும் பகலும் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே வேலை நடந்தது. 1958இல் வேலை நின்றது, பம்பும் நின்றது. தண்ணீர் மெல்ல மெல்ல ஏறிக் குழியை நிரப்பியது.

1960களில் நீர்மூழ்குவோர் இந்தக் குழியைக் கண்டுகொண்டார்கள். பிரிட்டனைச் சூழ்ந்த கடலில் அலையும் நீரோட்டமும் அதிகம். பல நாட்கள் இறங்கவே முடியாது. குவாரியிலோ அலை இல்லை, ஓட்டம் இல்லை, ஆண்டு முழுவதும் இறங்கலாம். வட கடலில் எண்ணெய் எடுக்கும் வேலை சூடுபிடித்தபோது, அங்கே வேலை செய்யப்போகும் தொழில்முறை முக்குளிப்பவர்களுக்கும் இந்தக் குவாரி பயிற்சிக்களம் ஆயிற்று. இன்று அது பொழுதுபோக்குக்காக முக்குளிப்போரின் பெரிய மையங்களுள் ஒன்று. அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. பென்சில்வேனியாவில் சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய குவாரி ஒன்று, 1980 முதல் 2021 வரை டச் ஸ்பிரிங்ஸ் என்ற பெயரில் நீர்விளையாட்டுப் பூங்காவாகவும் முக்குளிப்புத் தளமாகவும் விளங்கியது.

குவாரியில் கல்லை எப்படி வெட்டுவார்கள் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரே மூச்சில் அடிவரை தோண்டுவதில்லை. தட்டுத் தட்டாக, படிப்படியாக இறங்குவார்கள். ஸ்டோனி கோவில் அந்தத் தட்டுகள் தண்ணீருக்கடியில் இன்றும் இருக்கின்றன. முதல் தட்டு ஏறத்தாழ 7 மீட்டர் ஆழத்தில். அடுத்தது 20 மீட்டரில். அடிமட்டம் 35 மீட்டரில். கல் உடைத்தவர்கள் தங்களுக்குத் தெரியாமலே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மூன்று வகுப்புகள் கட்டி வைத்துவிட்டார்கள்! புதிதாகக் கற்பவர் முதல் தட்டில் பழகி, பிறகு ஆழமான தட்டுக்குப் போகிறார். அவர்கள் சுற்றிப் பார்ப்பதற்காகவே 2000இல் ஸ்டேன்கார்த் என்ற பழைய இழுவைக் கப்பலை அங்கே கொண்டுவந்து மூழ்கடித்திருக்கிறார்கள்.

அங்கே முதுகில் சிலிண்டருடன் இறங்கும் ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ மூன்று கடன்களைச் சுமந்து செல்கிறார். மூன்றும் சுரங்கத் தொழிலிலிருந்து வந்தவை.

முதல் கடன்: நோய் தெரிந்தது

பிரான்ஸ் நாட்டில் லுவார் ஆற்றின் ஓரம் நிலக்கரி இருந்தது. ஆனால் அதன் மேலே தண்ணீர் ஊறும் மணல் படுகை. திரிஜே என்ற பொறியியலாளர் 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒரு தந்திரம் செய்தார். இரும்புக் கூண்டு ஒன்றை மணலில் இறக்கி, அதற்குள் பம்பு மூலம் காற்றை அழுத்தி அடைத்தார். காற்றின் அழுத்தம் தண்ணீரைத் தடுத்துவிட்டது. ஆட்கள் உள்ளே காய்ந்த தரையில் நின்று வேலை செய்தார்கள். ஆனால் வேலை முடிந்து வெளியே வந்த பிறகு சிலருக்கு மூட்டுகளில் கடுமையான வலி கண்டது. திரிஜே அதைக் குறித்து வைத்தார்.

பின்னர் இதே முறை பாலங்களுக்கு அஸ்திவாரம் போடப் பயன்பட்டது. கூண்டுகள் மேலும் ஆழமாக இறங்கின. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே பாலம் கட்டியபோது பத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் இந்த விசித்திர நோயால் இறந்தார்கள். நியூயார்க் நகரின் புரூக்ளின் பாலத்தைக் கட்டிய தலைமைப் பொறியியலாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872இல் இதே நோய்க்கு ஆளாகி, எஞ்சிய வேலையை வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபடி மனைவி எமிலியின் துணையோடு நடத்தி முடித்தார். உள்ளே இருக்கும்வரை ஒருவருக்கும் ஒன்றும் ஆவதில்லை. வெளியே வந்தபின்தான் வலி, வாதம், சாவு! ஏன்?

விடையை நம் ஊர்க் கோலி சோடாவில் காணலாம். கோலியை அழுத்தியதும் 'புஸ்' என்ற ஓசையுடன் குமிழிகள் பொங்குகின்றன அல்லவா? அந்த வாயு அதுவரை எங்கே இருந்தது? அழுத்தத்தின் காரணமாகத் தண்ணீரில் கரைந்து கிடந்தது. அழுத்தம் கூடினால் கரையும் வாயுவின் அளவும் கூடும் என்று வில்லியம் ஹென்றி 1803இல் கண்டறிந்தார். அழுத்தம் சட்டென்று குறைந்தால் கரைந்த வாயு குமிழிகளாக வெளிவருகிறது. பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர், 1878இல் வெளியிட்ட பெரிய நூலில், மனித உடலிலும் இதுவே நடக்கிறது என்று சோதனைகள் மூலம் நிறுவினார். காற்றில் ஐந்தில் நான்கு பங்காக உள்ள நைட்ரஜனை உடல் பயன்படுத்திக்கொள்வதில்லை. அழுத்தத்தில் அது இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தேங்குகிறது. வேகமாக மேலே வந்தால், திறந்த சோடாப் புட்டியாக உடல் மாறிவிடுகிறது.

இரண்டாவது கடன்: மூச்சு கிடைத்தது

இனிக் கருவிக்கு வருவோம். 1860இல் புனுவா ரூக்கேரோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியியலாளர், சுரங்கத்தில் நச்சு வாயுவும் வெள்ளமும் சூழும்போது ஆட்களைக் காப்பாற்ற ஒரு மூச்சுக் கருவி செய்தார். ஓர் இரும்புக் கலத்தில் அழுத்திய காற்று. அதன் வாயில் ஒரு சிறு வால்வு. வால்வை இயக்க ஒரு சவ்வு. மூச்சை இழுத்தால் சவ்வு உள்நோக்கி வளைந்து வால்வைத் திறக்கும். இழுப்பதை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும். கேட்கும்போது மட்டும் காற்று!

இதில் இன்னொரு நன்மை ஒளிந்திருந்தது. இந்தக் கருவியைத் தண்ணீருக்குள் கொண்டுபோனால், சவ்வின் வெளிப்பக்கத்தைத் தண்ணீரே அழுத்தும். ஆகவே எந்த ஆழத்திலும் அந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமாகவே காற்று வரும். என் மாணவர் கேட்ட கேள்விக்கு விடை அந்தச் சவ்வில் இருக்கிறது. 1864இல் தெனேருஸ் என்ற கடற்படை அதிகாரி ரூக்கேரோலுடன் சேர்ந்து இதை நீர்மூழ்கும் கருவியாக மாற்றினார். ஆனால் அக்காலக் கலங்கள் அதிக அழுத்தத்தைத் தாங்கவில்லை. எனவே பெரும்பாலும் மேலிருந்து குழாய் மூலம் காற்றடைக்க வேண்டியிருந்தது. கருத்து சரி, இரும்பு போதவில்லை.

எண்பது ஆண்டு கழித்து அதே கருத்து மறுபடி பிறந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் பஞ்சத்தில் நம் ஊரிலும் கரிவாயு பஸ்கள் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பிரான்சிலும் அதே நிலை. எரிவாயுவில் கார் ஓட்டுவதற்காக எமில் கன்யான் என்ற பொறியியலாளர் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோ அவரை அணுகி, இதை மூச்சுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். 1943 தொடக்கத்தில் பாரிசுக்கு அருகே மார்ன் ஆற்றில் சோதித்தார்கள். நிமிர்ந்து நின்றால் காற்று வீணாகப் பீறிட்டது, தலைகீழானால் நின்றுபோனது! காரணம் என்ன? காற்று வெளியேறும் வாய் ஓர் உயரத்திலும் சவ்வு வேறோர் உயரத்திலும் இருந்தன. இடையே இருந்த ஒரு சாண் தண்ணீரின் அழுத்த வேறுபாடே எல்லாவற்றையும் கெடுத்தது. இரண்டையும் அருகருகே வைத்தார்கள். கருவி ஒழுங்காக வேலை செய்தது. தனக்கு வேண்டிய காற்றைத் தானே சுமந்து செல்லும் இம்முறைக்குப் பின்னர் ஸ்கூபா என்ற பெயர் நிலைத்தது.

மூன்றாவது கடன்: ஏறும் முறை தெரிந்தது

இறங்கவும் மூச்சு விடவும் வழி கிடைத்தாலும், உயிரோடு மேலே வருவதற்கு ஒரு கணக்கு வேண்டுமே! அதைக் கொடுத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர். இவரும் சுரங்கத்தோடு வாழ்ந்தவர்தான். நிலக்கரிச் சுரங்க வெடிவிபத்துகளில் பெரும்பாலோர் வெடியால் அல்ல, கார்பன் மோனாக்சைடு வாயுவால் சாகிறார்கள் என்று 1896இல் காட்டியவர். அந்த வாயுவை முன்கூட்டியே அறியச் சுரங்கத்துக்குள் சிறு பிராணிகளைக் கொண்டுசெல்லச் சொன்னவரும் அவரே. பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரை கேனரிப் பறவைகள் இந்தக் காவல் வேலையைப் பார்த்தன.

முக்குளிப்பவர்கள் நோயுறாமல் மேலே வருவது எப்படி என்று கண்டறியும் பணியைப் பிரிட்டிஷ் கடற்படை இவரிடம் ஒப்படைத்தது. ஹால்டேன் வெள்ளாடுகளை இரும்பு அறையில் வைத்து அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். ஆட்டுக்கு மூட்டில் வலி வந்தால் முன்னங்காலைத் தூக்கிக்கொள்ளும். அதுவே அவருக்கு அடையாளம். ஏறத்தாழ 13 மீட்டர் ஆழம் வரை போனவர்கள் நேராக மேலே வந்தாலும் நோயுறுவதில்லை என்பதையும் அவர் கவனித்தார். அந்த ஆழத்தில் மொத்த அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம். ஆகவே அழுத்தத்தைச் சட்டென்று பாதியாகக் குறைக்கலாம். அதற்கு மேல் குறைக்க வேண்டுமானால் இடையிடையே நின்று நின்று வர வேண்டும் என்று விதி வகுத்தார். 1906இல் ஸ்காட்லாந்துக் கடலில் இரண்டு கடற்படையினர் 64 மீட்டர் வரை இறங்கி இம்முறையில் நலமாக மேலே வந்தார்கள். 1908இல் அட்டவணைகள் வெளியாயின. அவருடைய விகிதத்தைப் பிற்கால ஆய்வாளர்கள் திருத்தியிருக்கிறார்கள். இன்று கைக்கடிகாரம் போன்ற சிறு கணிப்பொறி அந்தக் கணக்கை நொடிக்கு நொடி போட்டுக் காட்டுகிறது. ஆயினும் 'நின்று நின்று ஏறு' என்ற அடிப்படை ஹால்டேனுடையதே.

அந்த 1906ஆம் ஆண்டுச் சோதனையில் ஹால்டேனின் 13 வயது மகனும் நீர் ஒழுகும் உடையோடு கடலில் இறங்கினான். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் புகழ்பெற்ற உயிரியலறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன். 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் காலமானவர்.

குவாரியில் ஒரு பாடவேளை

இப்போது ஸ்டோனி கோவில் நாமும் மனத்தால் இறங்குவோம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் 1, முதல் தட்டில் 1.7; இரண்டாவதில் 3; அடியில் 4.5. சிலிண்டரின் கொள்ளளவு 12 லிட்டர், அதில் 200 மடங்கு அழுத்தத்தில் காற்று என்றால், மொத்தம் 2,400 லிட்டர் காற்று இருக்கிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசித்தால் மேற்பரப்பில் 2 மணி நேரம் வரும். 20 மீட்டரில் 40 நிமிடம்தான். அடிமட்டத்தில் 27 நிமிடம்கூட இல்லை. அதிலும் திரும்பி வருவதற்கு ஒரு பங்கை மிச்சம் வைக்க வேண்டும்.

கிணற்றில் குதித்து விளையாடியவர்களுக்குத் தெரியும்: மேலே வெதுவெதுப்பு, காலடியில் சில்லிப்பு. குவாரியிலும் அப்படியே. வெயிலில் சூடான நீர் இலேசாகி மேலேயே மிதக்கிறது. தண்ணீர் 4 டிகிரி செல்சியசில்தான் மிக அடர்த்தியானது. குளிர்காலத்தில் கனத்து அடியில் தங்கிய நீர், கலக்கிவிட அலையோ ஓட்டமோ இல்லாததால், கோடையிலும் குளிராகவே கிடக்கிறது. வெயில் நாளில் இறங்குபவர்கூடத் தடித்த உடை அணிய வேண்டியிருப்பது இதனால்தான்.

ஏறும்போது முதல் விதி: மூச்சை அடக்காதே. 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வந்தால் 6 லிட்டர் காற்று 8 லிட்டராகும். 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் 6 லிட்டர் 12 லிட்டராகும்! பாயில் விதியின்படி கடைசிப் பத்து மீட்டரே மிகக் கொடியது. முத்துக்குளித்தவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் மேலே இழுத்த காற்று பழைய அளவுக்குத்தான் திரும்பும். ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசித்தவர் மூச்சை அடக்கி ஏறினால் நுரையீரல் கிழியும். 2 மீட்டர் ஆழத்திலும் இது நேரலாம். ஆகவே மெல்ல மூச்சு விட்டுக்கொண்டே, நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, பிறகே வெளிவருகிறார்கள். அந்த மூன்று நிமிடமும் ஹால்டேனின் வெள்ளாடுகள் கொடுத்தவை.

நம் ஊர்க் குவாரிகள்

வாசகர்களே, கைவிடப்பட்ட குவாரிகள் நம் மாநிலத்திலும் ஏராளம். தண்ணீரும் அதே தண்ணீர். பாறையும் ஏறத்தாழ அதே பாறை. ஆனால் விடுமுறை நாட்களில் அங்கே குளிக்கப் போன சிறுவர்களும் இளைஞர்களும் மூழ்கி இறந்த செய்தியை நாளிதழ்களில் அடிக்கடி படிக்கிறோம். நீச்சல் தெரிந்தவர்களும் சாகிறார்களே, ஏன்?

குளத்துக்குக் கரை சரிவாக இருக்கும். இடுப்பளவு, மார்பளவு என்று ஆழம் முன்னறிவிப்புக் கொடுக்கும். குவாரிக்குக் கரை கிடையாது. ஒரு தட்டு முழங்கால் ஆழத்தில் இருக்கும். அடுத்த அடியில் பல மீட்டர் பள்ளம். மேலே வெதுவெதுப்பாக இருக்கும் நீரை நம்பிக் குதித்தவரைக் கீழ்ப் படலத்தின் குளிர் தாக்கும்போது, தன்னையறியாமல் மூச்சு இழுக்கிறார். தண்ணீர் உள்ளே போகிறது. செங்குத்தான பாறையில் பிடித்து ஏற இடமில்லை. தெளிந்த நீரில் ஆழம் உள்ளதைவிட முக்கால் பங்காகத்தான் தெரியும் என்பதை ஒளிவிலகல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

ஆகவே முன்பின் தெரியாத குவாரியில் இறங்காதீர்கள். ஒருவர் மூழ்குவதைக் கண்டால், பயிற்சி இல்லாதவர் பின்னாலேயே குதிக்க வேண்டாம். ஒரே நாளில் இரண்டு மூன்று பேர் போவது அப்படித்தான். கயிறு, புடவை, நீண்ட கழி, மூடியிட்ட காலி பிளாஸ்டிக் கேன், எது கைக்குக் கிடைத்தாலும் அதை எறிந்து, கரையில் படுத்துக்கொண்டு இழுங்கள். உதவிக்கு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

குழாய்க் கேள்வி கேட்ட அந்த மாணவர் மறு வாரம் ஒரு தாளுடன் என் அறைக்கு வந்தார். தம் வீட்டுக் குழாயின் நீளம் 12 மீட்டர் என்றும், அந்த ஆழத்தில் தம் மார்பின் மேல் 1,080 கிலோகிராம் இருக்கும் என்றும் கணக்குப் போட்டிருந்தார். விடை சரி. கீழே தாமாகவே ஒரு வரி எழுதியிருந்தார்: "குழாயைத் தோட்டத்திலேயே போட்டுவிட்டேன், சார்."